அறை நிறைய அட்டைப் பெட்டிகள்

"வைக்கணுமா, போடணுமா? ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. அதுபடி செஞ்சுடறேன்."

சுருளிநாதன் இப்படிக் கேட்டபோது தவமணி அம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

போடி மலையடிவாரத்தில், தோட்டங்களுக்கு நடுவே, ஒரு பழைய ஏலக்காய் குடோன். ஏலக்காய் வேறு இடத்துக்குப் போய்விட்டது. வாசனை மட்டும் சுவரில் தங்கியிருந்தது. அங்கேதான் தவமணி அம்மா இருந்தார். காலையில் சிலர் வந்து அவரோடு பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். பிறகு கஞ்சி குடித்துவிட்டு அவரவர் வேலைக்குப் போவார்கள். குரு என்று அவர் தன்னைச் சொல்லிக்கொண்டதில்லை. வந்தவர்கள் வேறு விதமாக நினைத்ததும் இல்லை.

அப்படி வருகிறவர்களில் ஒருவரான சுருளிநாதனுக்குத் தலை முழுக்க நரை. தவமணி அம்மாவுக்கு இன்னும் ஒரு முடிகூட வெளுக்கவில்லை.

"எதை?" என்றார் தவமணி அம்மா.

"பெட்டியை. மெஷின் வாங்கும்போது வருமே, அந்த அட்டைப் பெட்டி. கூட வர்ற மேனுவல் புக்கு."

"மெஷின் உள்ள இருக்கா?"

"இல்லம்மா. காலிப் பெட்டிதான்."

"எவ்வளவு இருக்கு?"

"ஒரு அறை நிறைய."

தவமணி அம்மா ஒரு மொச்சையைப் பிரித்தார். உள்ளே புழு. ஓரமாகப் போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தார்.

அவர் ஒன்றும் கேட்காததால் சுருளிநாதன் தானாகவே சொல்ல ஆரம்பித்தார்.

சென்னையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் கருவிகளைப் பராமரிப்பது அவர் வேலை. ஓய்வு பெறுகிற சமயத்தில் அவர் மனைவி செண்பகவல்லிக்கு நுரையீரலில் தொற்று வந்தது. உயிர் பிழைத்துவிட்டாள். ஆனால் ஆக்ஸிஜன் இல்லாமல் மூச்சு விட முடியவில்லை. வீட்டில் ராத்திரி பகலாக ஆக்ஸிஜன் மெஷின் ஓடியது. நல்ல காற்று வேண்டும் என்று இருவரும் சொந்த ஊருக்கே வந்துவிட்டார்கள்.

சென்னையிலேயே முதல் மெஷின் ஒருமுறை பழுதானது. அது வந்த பெட்டியிலேயே வைத்து அனுப்பினால்தான் வாங்கிக்கொள்வோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். பெட்டியை அவர் பழைய பேப்பர்காரரிடம் போட்டிருந்தார். வேறு பெட்டிக்காக அவர் அலைந்த நாட்களில் செண்பகவல்லி எதிர் வீட்டுக்காரர் கொடுத்த சிலிண்டரில் மூச்சு விட்டாள். சிலிண்டரின் முள் இறங்குவதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அப்புறம் புது மெஷின் வாங்கினார். அது ஒரு நாள் சிவப்பு விளக்கைக் காட்டிக் கத்தியது. கம்பெனிக்குப் போன் செய்தார், யாரும் எடுக்கவில்லை. மேனுவலைப் பிரித்துப் படித்தார். பின்பக்க மூடியைத் திறந்து, பில்டரில் அடைத்திருந்த தூசியைத் தட்டி மாட்டினார். கத்தல் நின்றது. அவள் உதட்டில் நிறம் திரும்பி வந்தது.

"அதுக்கப்புறம் ஒரு பெட்டியையும் நான் வெளியே விட்டதில்லம்மா. இன்வர்ட்டர் பெட்டி, மிக்சி பெட்டி, டார்ச் லைட்டு வந்த பெட்டிகூட இருக்கு."

"இப்ப அவங்க எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்கா. போன ஆடியிலயே டாக்டர் ஆக்ஸிஜனை நிறுத்தச் சொல்லிட்டார். சமைக்கறா, துவைக்கறா. ஆனா இன்னும் ஹால்லதான் படுக்கறா. அந்தக் கம்பி வெச்ச ஆஸ்பத்திரிக் கட்டில்ல."

"ஏன்?"



"படுக்கையறையிலதான் பெட்டியெல்லாம் இருக்கு."

தவமணி அம்மா தலைநிமிரவில்லை.

"அவ போடச் சொல்றா. நானும் தூக்கிட்டுத் தெருமுனை வரைக்கும் போறேன். அங்க போனதும் கை நடுங்குது. திரும்பக் கொண்டாந்துடறேன். நீங்க சொல்லுங்கம்மா. வைக்கட்டுமா, போடட்டுமா?"

"வெச்சுக்கோங்க."

சுருளிநாதன் தன் காதையே நம்பவில்லை. "எல்லாத்தையுமா?"

"ஒண்ணையும் போடாதீங்க. நான் சொன்னேன்னு வீட்டுல சொல்லுங்க."

சுருளிநாதன் கும்பிட்டுவிட்டு வேகமாக இறங்கிப் போனார்.

●

செண்பகவல்லி அடுப்பில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். அவர் விஷயத்தைச் சொன்னார். அவள் திருப்பிப் போட்ட தோசையைப் பார்த்தபடி முழுசாகக் கேட்டாள். அடுப்பை அணைத்தாள்.

"யாரு சொன்னது?"

"அம்மாதான். ஒண்ணையும் போடாதீங்கன்னு..."

"எங்க இருக்காங்க உங்க அம்மா?"

"மேல, ஏலக்காய் குடோன்ல. அது மேடு. நீ வரணும்னா ஜீப்புக்குச் சொல்லி, ஒரு நாள் பாத்து..."

அவள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"இரு. பையை எடுத்துட்டு வந்துடறேன்."

பை என்றால் தண்ணீர், மருந்து, மூச்சில் உறிஞ்சும் மருந்துக் குப்பி, விரலில் மாட்டி ஆக்ஸிஜன் அளவு பார்க்கிற சின்ன கருவி. கருவி மேசையில் இல்லை. தேடி எடுத்துப் பையில் போட்டு அவர் வாசலுக்கு வந்தபோது கேட் திறந்து கிடந்தது. தெருவில் யாரும் இல்லை.

●

தவமணி அம்மா மொச்சையை முடித்துவிட்டுத் தோலை அள்ளிக்கொண்டிருந்தார். குடோன் மூலையில் மாரீஸ்வரி கஞ்சிப் பானையைக் கழுவிக்கொண்டிருந்தாள். தினமும் காலையில் அங்கே வந்து உட்காருகிறவர்களில் அவளும் ஒருத்தி.

வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். சேலைக் கரையில் செம்மண். முகம் வியர்த்திருந்தது.

"வெச்சுக்கச் சொன்னது நீங்கதானா?"

"ஆமா. உக்காருங்க."

செண்பகவல்லி உட்கார்ந்தாள். மாரீஸ்வரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரே மூச்சில் குடித்தாள்.

"அந்தப் படுக்கையறை கிழக்கப் பாத்தது," என்றாள். "காலையில வெயில் நேரா கட்டில்ல வந்து விழும். அதுக்காகத்தான் அந்த வீட்டையே பிடிச்சோம். நான் ஒரு நாளும் அந்த வெயில்ல படுத்ததில்ல. பெட்டிங்கதான் காயுது."

தவமணி அம்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

"மெஷினை நிறுத்தியாச்சு. ஆனா இவர் தினமும் அதைப் போட்டு ஓட விட்டு, காதைக் கிட்ட வெச்சுக் கேக்கறார். சத்தம் சரியா இருக்கான்னு. நான் பக்கத்துலயே நிக்கறேன், வெங்காயம் நறுக்கிக்கிட்டு. நான் நல்லாயிட்டேன்னு டாக்டர் நம்பறார், என் தங்கச்சி நம்பறா, பால்காரர்கூட நம்பறார். இவர் மட்டும் நான் எப்ப மறுபடி விழுவேன்னு பாத்துக்கிட்டிருக்கார். இதுல நீங்க வேற வெச்சுக்கச் சொல்லி அனுப்பறீங்க. உங்களுக்கு என்ன தெரியும் எங்க வீட்டைப் பத்தி?"

"ஒண்ணும் தெரியாது," என்றார் தவமணி அம்மா.



அப்போது பாதையில் சரளைக்கல் சரியும் சத்தம் கேட்டது. சுருளிநாதன் வந்து சேர்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வாய் திறந்திருந்தது. பேச்சு வரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு பையைத் துழாவி அந்தக் கருவியை எடுத்தார்.

"விரலை... விரலைக் காட்டு செண்பகம்."

தவமணி அம்மா கையை நீட்டினார். சுருளிநாதன் கருவியைக் கொடுத்தார்.

அவர் அதை வாங்கி, சுருளிநாதனின் விரலில் மாட்டினார்.

நாடி தாறுமாறாக ஓடியது. கை நடுங்கியதில் எண்கள் நிலைக்காமல் மாறிக்கொண்டே இருந்தன. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள்.

"யாருக்குய்யா மூச்சு வாங்குது?" என்றார் தவமணி அம்மா.

சுருளிநாதன் மனைவியைப் பார்த்தார். அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்து முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் திரும்பி, தான் ஏறி வந்த பாதையைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார்.

"நடந்தா வந்தே?"

"பறந்து வர்றதுக்கு றெக்கையா இருக்கு?"

"நடுவுல எங்கயும் உக்காரலையா?"

செண்பகவல்லி யோசித்தாள். அவளுக்கே அப்போதுதான் அது புரிந்தது போலிருந்தது.

"கோவத்துல மறந்துட்டேன்," என்றாள்.

சுருளிநாதன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுதார் என்று சொல்ல முடியாது. மூச்சு வாங்கியது, அதோடு சேர்ந்து வேறு ஏதோ வந்தது. அது அடங்க நேரமாயிற்று. செண்பகவல்லி அவர் முதுகில் கை வைத்திருந்தாள்.

●

"அந்த மெஷின் இப்ப யாருக்கு ஓடுது?" என்று தவமணி அம்மா கேட்டார்.

சுருளிநாதன் விரலில் இருந்த கருவியைப் பார்த்தார்.

"இந்த மாரீஸ்வரி வீட்டுக்காரரு பேச்சிமுத்து, ஜீப் ஓட்டறவர். நெஞ்சு சளியில படுத்து ஆஸ்பத்திரியில இருக்கார். வீட்டுல ஆக்ஸிஜன் மெஷின் இருந்தா அனுப்பலாம்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

மாரீஸ்வரி திரும்பவில்லை. கழுவின பானையையே மறுபடி கழுவினாள்.

சுருளிநாதனுக்கு ஒரு கேள்வி இருந்தது. மாரீஸ்வரி இருக்கிறாளே என்று தயங்கினார். ஆனாலும் கேட்டுவிட்டார்.

"இவளுக்கு மறுபடி வேணும்னு வந்தா?"

தவமணி அம்மா செண்பகவல்லியைப் பார்த்தார்.

"வந்தா மாரீஸ்வரிகிட்டப் போய்க் கேப்பேன்," என்றாள் செண்பகவல்லி. "அவ கொடுக்க முடியாத நிலைமையில இருந்தா வேற யாரையாவது கேப்போம். அன்னைக்கு எதிர் வீட்டுக்காரர் சிலிண்டர் கொடுத்தாரே, நமக்குன்னா வாங்கி வெச்சிருந்தார்?"



சுருளிநாதன் விரலில் மாட்டியிருந்த கருவியைக் கழற்றினார்.

"உங்க வீட்டுக்குப் போற கொட்டகுடி ரோடு மோசமா இருக்குமே," என்றார்.

"கல்லும் குழியும்தான் சார்," என்றாள் மாரீஸ்வரி, முதல் தடவையாக.

"பரவாயில்ல. பெட்டி இருக்கு. அடிபடாம வந்துடும்."

செண்பகவல்லி சட்டென்று தவமணி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். தவமணி அம்மா மொச்சைத் தோலை வாசலில் நின்ற ஆட்டுக்குப் போட எழுந்து போயிருந்தார்.

●

அத்தனை பெட்டிகளுக்கு நடுவே அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று சுருளிநாதனுக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டுகூட எடுத்திருப்பார். தெர்மாகோல் ஒரு மூலைகூட உடையவில்லை. மெஷினின் கால்களை எந்தப் பள்ளத்தில் வைப்பது, குழாயை எப்படிச் சுருட்டுவது என்று மேனுவலின் கடைசிப் பக்கத்தில் படம் இருந்தது. அவர் படத்தைப் பார்க்கவில்லை.

பிளக்கைப் பிடுங்கப் போனபோதுதான் கை நின்றது.

"நான் பிடுங்கட்டுமா?" என்றாள் செண்பகவல்லி.

"வேண்டாம்."

பிடுங்கினார். பச்சை விளக்கு அணைந்தது.

மாரீஸ்வரியின் கொழுந்தன் ஜீப்பைக் கொண்டுவந்தான். சுருளிநாதன் பின்னால் ஏறி, பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்துகொண்டார். போகிற வழியெல்லாம் ஜீப் குதித்தது, பெட்டி குதித்தது, அவரும் குதித்தார். மாரீஸ்வரி வீட்டில் திறந்து பார்த்தால் மெஷின் கடையில் வாங்கினது போல இருந்தது.

மேனுவலில் தமிழ் இல்லை. அதனால் அவர் ஒவ்வொரு பக்கமாக வாயாலேயே சொன்னார். மாரீஸ்வரி திருப்பிச் சொன்னாள்.

"டாக்டர் எவ்வளவு வைக்கச் சொன்னாரோ அவ்வளவுதான். நாமளா கூட்டக் கூடாது."

"கூட்டக் கூடாது."

"அடுப்பு கிட்ட வேண்டாம். இந்த அறையில பீடி, சூடம், ஊதுபத்தி எதுவும் கூடாது."

"கூடாது."

"சிவப்பு விளக்கு எரிஞ்சு கத்தினா பயப்படக் கூடாது. பின்னால மூடி இருக்கு பாருங்க. அதைத் திறந்து, இந்தப் பஞ்சைத் தட்டி மாட்டணும். அப்பவும் கத்தினா எனக்குப் போன் பண்ணணும். நான் எடுப்பேன்."

மாரீஸ்வரி மேனுவலை வாங்கிப் புரட்டினாள்.

"பயப்படக் கூடாதுன்னு இதுல போட்டிருக்கா சார்?"

"இல்ல. அது நான் சொல்றது."

மறுநாள் சுருளிநாதன் மறுபடி போயிருந்தபோது பேச்சிமுத்துவை ஆம்புலன்ஸில் கொண்டுவந்து இறக்கினார்கள். பெரிய உடம்பு, வற்றிப் போயிருந்தது. மூக்கில் குழாயை மாட்டிப் படுக்க வைத்தார்கள். மெஷின் ஓட ஆரம்பித்தது. அவர் வீட்டுக் கூரையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார்.

"சத்தம் ஜீப்பை விடக் கம்மிதான்," என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார்.

சுருளிநாதன் கிளம்பும்போது மாரீஸ்வரி காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"இதை என்ன சார் செய்யறது? அடுப்பெரிக்க வெச்சுக்கட்டுமா?"

"வேண்டாம்மா. பரண்ல போட்டு வைங்க. இவர் எந்திரிச்சு ஜீப் ஓட்டப் போனதும், அடுத்த ஆளுக்கு அனுப்ப வேணும்."

சொல்லிவிட்டு அவர் சில அடி நடந்தார். பிறகு நின்று, தான் சொன்னதை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். மாரீஸ்வரி பெட்டியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

●

வீட்டுக்கு வந்தால் வாசல் முழுக்கப் பெட்டி.

செண்பகவல்லி எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போட்டுவிட்டு நடுவில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். படுக்கையறை ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தாள்.

"மழை வந்தா நனைஞ்சுடுமே," என்றார் சுருளிநாதன்.

"அதுக்குள்ள முடிச்சுடலாம். உக்காருங்க."

அவர் கை நடுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டார். இல்லை. முதல் பெட்டியை எடுத்தார்.

"இன்வர்ட்டர்."

"வாரண்டி எப்ப முடியுது?"

"வர்ற சித்திரையில."

"அப்ப சித்திரை வரைக்கும் இருக்கட்டும். அடுத்தது?"

"செல்போன். இந்த போன் நம்மகிட்ட இருக்கா?"

"ரயில்ல தொலைச்சீங்களே, அது."

அவர் அந்தப் பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பழைய பேப்பர் பக்கம் வைத்தார்.

அடுத்து ஒரு தடித்த மேனுவல். பல மொழிகளில் இருந்தது. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் எந்தச் சாமானுக்கு வந்தது என்று அவருக்குப் பிடிபடவில்லை. செண்பகவல்லி வாங்கிப் பார்த்தாள்.

"முடி காய வைக்கிற மெஷின். தங்கச்சி மக கல்யாணத்துக்கு அவளுக்கு வாங்கிக் கொடுத்தோம். மெஷினைக் கொடுத்துட்டு புக்கை நீங்க வெச்சுக்கிட்டிருக்கீங்க."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை. முன்பெல்லாம் சிரிப்பு வந்தால் பின்னாலேயே இருமல் வரும். சுருளிநாதன் இருமலுக்காகக் காத்திருந்தார். வரவில்லை. அவள் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவருக்கும் சிரிப்பு வந்தது.

பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது. அலமாரியின் மேல்தட்டில் வைக்கிற அளவுக்கு மிஞ்சியது. மீதியைப் பழைய பேப்பர்காரர் வந்து தட்டு வண்டியில் ஏற்றினார். வண்டி தெருமுனையைத் தாண்டுகிற வரையில் சுருளிநாதன் வாசலில் நின்றார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுவரோரமாக மடித்துச் சாய்த்தார்கள். பழைய தேக்குக் கட்டிலை இருவருமாகப் பிடித்து ஜன்னலுக்கு நேராக இழுத்துப் போட்டார்கள்.

●

மறுநாள் காலை குடோனில் எல்லாரும் உட்கார்ந்து எழுந்துவிட்டார்கள். சுருளிநாதன் வரவில்லை. அவர் நேரம் தவறி யாரும் பார்த்ததில்லை.

கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தபோது வந்தார். தலை வாரவில்லை. சட்டையில் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

"மன்னிக்கணும்மா. தூங்கிட்டேன். வெயில் மூஞ்சியில அடிச்சும் தெரியல. அவதான் உலுக்கி எழுப்பினா."

"ராத்திரி தூக்கம் இல்லையா?" என்றார் தவமணி அம்மா.

"என் ராத்திரி எப்படின்னு உங்களுக்குத் தெரியாதே. எந்திரிச்சு எந்திரிச்சு அவ மூக்குக்கிட்ட விரலை வெச்சுப் பாப்பேன். மூச்சு வருதான்னு. இத்தனை வருஷமா அப்படித்தான். பாத்துட்டுப் படுப்பேன், மறுபடி எந்திரிப்பேன். நேத்துகூட..."

அவர் நிறுத்தினார்.

"நேத்துகூட?"

சுருளிநாதன் தன் வலது கை விரல்களைப் பார்த்தார்.

"பாக்கவே இல்லம்மா," என்றார்.